பிட்சோசெரோவும் இரத்தத் தட்டுக்களும்

பீங்கானூராம் விருத்தாசலத்தில் நாம் அறிந்த தட்டு சூளையில் வெந்தது. 1846-இல் இத்தாலியில் பிறந்த ஜியூலியோ பிட்சோசெரோ ஆராய்ந்த தட்டோ இரத்தத்தில் மிதப்பது. இருபது வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்ற இவர், பின்னர் டூரின் நகரிற் பேராசிரியராய் அமர்ந்தார்.

அந்நுண்ணிய துணுக்குகளை அணுக்களின் சிதைவென்றே பலர் கருதினர். உடலைவிட்டு நீங்கிய இரத்தம் நொடியில் மாறுமாதலின், இவர் உயிருள்ள பிராணிகளின் குடற்சவ்வில் ஓடும் நுண்குழாய்களையே நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். அங்கும் அவை ஓடின! குழாய்ச்சுவர் ஊறுபட்டவிடத்து முதலில் வந்து ஒட்டியவையும் அவையே. 1882-இல் இதனை விரித்தெழுதினார்.

இன்று ஒளிரும் சாயம் பிணைத்த எதிர்ப்பொருள்களை இரத்தத்திற் கலந்து, லேசர் ஒளியின்முன் ஒவ்வொன்றாய்ச் செலுத்தித் தட்டுக்களின் மேற்புரதங்களை அறிகின்றோம். சி.டி. 41 அவற்றில் என்றும் உளது, சி.டி. 62பி, தட்டுக் கிளர்ந்தபின்னரே மேற்புறத்தில் தோன்றும். இரத்தம் எடுக்குங்கால் கை பதறினும் அது தோன்றிவிடலாம்! பிட்சோசெரோ அஞ்சியதும் இதனையன்றோ?

பிற்காலத்திற் கண்ணொளி குன்றவே, நுண்ணோக்கியை விடுத்துப் பொதுச் சுகாதாரப் பணியில் ஈடுபட்டு, 1901-இல் மறைந்தார்.