தன் பெயரைத் தானே சொன்ன பாடகி

இசைத்தட்டு வருவதற்கு முன் வடநாட்டில் பெரிய வித்வான்களின் பாட்டைக் கேட்க வேண்டுமானால் அரண்மனைக்கோ ஜமீன்தார் மாளிகைக்கோ போக வேண்டும். சாமானியர்களுக்கு அங்கே இடம் கிடையாது. அந்தப் பாட்டை வீட்டுத் திண்ணைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கல்கத்தாவில் வாழ்ந்த கௌஹர் ஜான்.

இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள ஆஜம்கரில் 1873 ஜூன் 26 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஏஞ்சலினா. தந்தை ஆர்மீனியர், என்ஜினீயர். பெண்ணுக்கு ஆறு வயதாகும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாய் விக்டோரியா மகளுடன் காசிக்குப் போனார். அங்கே இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் ஆனார். மகளுக்குக் கௌஹர் என்று பெயர் வந்தது. பாட்டும் நடனமும் உருதுக் கவிதையும் மல்கா ஜானின் பிழைப்புக்கு வழியாயின.

1883-ல் தாயும் மகளும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த லக்னோ நவாப் வாஜித் அலி ஷா அப்போது மட்டியாபுருஜில் வசித்து வந்தார். அவருடைய சபையில் மல்கா ஜானுக்கு இடம் கிடைத்தது. பிழைக்க வந்த ஊரில், இன்று ரவீந்திர சரணி எனப்படும் சித்பூர் ரோட்டில், அவர் சொந்தமாக வீடும் வாங்கினார். மகளுக்கு நல்ல குருமார்களை அமர்த்தினார். கதக் நடனத்துக்கு லக்னோ பிந்தாதீன் மகராஜ், வங்காளக் கீர்த்தனத்துக்குச் சரண் தாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். 1887-ல் தர்பங்கா மகாராஜா சபையில் கௌஹரின் அரங்கேற்றம் நடந்தது.

1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்திறங்கினார். ஹோட்டல் அறையே ஸ்டுடியோவாயிற்று. மணிக்கணக்கில் பாடும் ராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்குவதா என்று உஸ்தாதுகள் பலர் தயங்கினார்கள். நாடக மேடைப் பெண்கள் இருவர் முதலில் பாடினார்கள். அடுத்த சில நாட்களில், நவம்பர் 11 அன்று, கௌஹர் ஜான் வந்தார்.

அன்று மைக் கிடையாது. பெரிய கொம்பு போன்ற குழாய்க்குள் முகத்தை நீட்டி ஓங்கிப் பாட வேண்டும். அந்த ஓசையில் ஒரு மெல்லிய தகடு அதிர, அதோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். குரல் தாழ்ந்தால் பதியாது. இடையில் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கௌஹரின் மேல்ஸ்தாயிக் குரல் அந்தக் குழாய்க்கு ஏற்றதாக இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் சாயலையும் பாட்டையும் துரித கதியையும் அவர் கொண்டுவந்துவிட்டார்.

பாட்டின் முடிவில் தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்குள்ள தொழிலாளர்கள் யாருடைய பாட்டு என்று தெரிந்து பெயர்ச்சீட்டு ஒட்ட இந்த ஏற்பாடு. ஆனால் தட்டைக் கேட்ட ஊர்களில் எல்லாம் அந்தப் பெயர் பரவிவிட்டது.

அடுத்த ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 தட்டுகள் அவர் கொடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். கயால், டும்ரி, கஜல், பஜனை, வங்காளப் பாட்டு என எதையும் அவர் விடவில்லை. ஒரு பதிவுக்கு 3,000 ரூபாய் கேட்டார் என்பார்கள். அந்நாளில் ஒரு குமாஸ்தா பல வருஷம் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை அது. ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளிலும் அவர் படம் வந்தது. தமிழ்நாட்டில் சேலம் கோதாவரி போன்றவர்களும் அந்தக் காலத்திலேயே தட்டில் பாடத் தொடங்கினார்கள். வியாபாரம் பெருகவே 1908-ல் கம்பெனி சியால்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வைத்தது. 1911-ல் டில்லி தர்பாரில் அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து மன்னர் ஜார்ஜ் முன்னிலையில் கௌஹர் பாடினார்.

தொழிலில் தன் விலையை அறிந்திருந்தவர் வாழ்க்கையில் ஏமாந்தார். 1906-ல் தாய் இறந்த பின், வீட்டில் வளர்ந்த ஒருவன் சொத்து தனக்கே என்று வழக்குத் தொடுத்தான். தான் மல்காவின் மகள்தான் என்று நிரூபிக்க, எப்போதோ பிரிந்துபோன தந்தையைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைக்க வேண்டியதாயிற்று. வழக்கில் வென்றார். பிறகு தன்னிடம் காரியதரிசியாக இருந்த அப்பாஸை நம்பி மணந்து, சொத்தையும் எழுதி வைத்தார். அதுவும் கோர்ட்டில் போய் முடிந்தது. கைப்பொருள் கரைந்தது.

1928-ல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரை அரண்மனைப் பாடகியாக நியமித்தார். அவர் அங்கே ஒன்றரை வருஷமே இருந்தார். 1930 ஜனவரி 17 அன்று மைசூரில் காலமானார்.

மறு வருஷம் இந்தியாவில் பேசும்படம் வந்தது. 1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் பின்னணி பாடும் முறையைக் கொண்டுவந்தது. நடிகை வாயசைக்க, பாடியவர் மறைந்து நின்றார். 1949-ல் வந்த மகல் படத்தின் பாட்டுத் தட்டில்கூட லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயரைத்தான் போட்டார்கள். பாடகியின் பெயர் தட்டில் வர அப்போது சண்டை போட வேண்டியிருந்தது. கௌஹர் ஜான் அந்தப் பெயரை 1902-லேயே தட்டுக்குள் பதித்து வைத்துவிட்டார். வீடும் பணமும் போன பிறகும் அது மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.