மேரி கியூரி அம்மையார்



மேரி கியூரி 1867 நவம்பர் 7 அன்று போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் பிறந்தார். பத்து வயசிலேயே அம்மா காசநோயால் இறந்துட்டாங்க. அப்போது அந்த ஊரை ரஷ்யா ஆண்டது. பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. அதனால் மேரி பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் பாரிஸ் நகரத்தில் டாக்டருக்குப் படித்த அக்காவுக்குப் பணம் அனுப்பினார். பிறகு 1891-ல் தானும் அங்கே போய்ப் படித்தார்.

1895-ல் விஞ்ஞானி பியரி கியூரியைத் திருமணம் செய்தார். 1898-ல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒழுகுகிற கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சியும் 1902-ல் கிடைத்த ரேடியம் உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான்! அந்தச் செய்முறைக்கு அவர்கள் காப்புரிமை கேட்கவே இல்லை.

பியரி ரேடியத்தைத் தன் கையில் கட்டிப் பார்த்தார். தோல் வெந்து புண்ணாயிடுச்சு. நல்ல தோலையே அழிக்கிற கதிர் புற்றுநோய்க் கட்டியையும் அழிக்குமே என்று டாக்டர்கள் யோசித்தார்கள். இப்படித்தான் ரேடிய சிகிச்சை பரவியது.

கதிர் எப்படி வேலை செய்யுது தெரியுமா? செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அது அறுக்கும். கட்டியின் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். இழை அறுந்தால் பிரிய முடியாமல் செத்துப்போகும். பக்கத்தில் உள்ள நல்ல செல்கள் அறுந்ததை ஓரளவு சரி செய்துகொள்ளும். மூளையில் நல்ல செல்கள் ரொம்ப முக்கியம் அல்லவா? அதனால் மூளைக் கட்டிக்குப் பெரும்பாலும் பல வாரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் கொடுக்கிறார்கள். இன்றைக்கு அதற்கு ரேடியம் இல்லை, பெரும்பாலும் இயந்திரத்தில் உண்டாக்கும் எக்ஸ் கதிர்தான். ஆனாலும் சில பொல்லாத கட்டிகளில் தப்பித்த செல்கள் இழையை ஒட்டவைத்துக்கொண்டு திரும்பவும் வளர்ந்துவிடும். விஞ்ஞானிகள் இன்னும் அதோடு போராடுகிறார்கள்.

மேரி 1903-ல் இயற்பியலுக்கும் 1911-ல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். நடுவில் 1906-ல் குதிரை வண்டி ஏறி பியரி இறந்தார். மேரி துவண்டு உட்காரவில்லை. முதல் உலகப்போரில் எக்ஸ் கதிர் வண்டியோடு போர்முனைக்கே போனார்.

கட்டியின் செல்லை அழிக்கும் கதிர் அவரையும் விடவில்லை. பல வருடம் பாதுகாப்பில்லாமல் கதிர்களோடு வேலை செய்ததால் எலும்பு மஜ்ஜை கெட்டு, புது ரத்தம் ஊறாமல் 1934 ஜூலை 4 அன்று இறந்தார். அவர் எழுதிய நோட்டுகளில் இன்னும் கதிர் இருக்கிறதாம். ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள்.

சிகிச்சை அறையில் டாக்டர்கள் இன்று கதிரை அளந்து கொடுக்கிறார்கள், தாங்கள் தடித்த சுவருக்கு அப்பால் நிற்கிறார்கள். அந்த எச்சரிக்கை மேரி போன்றவர்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லித் தந்த பாடம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி