குழந்தை அப்பாவுக்கு மட்டுமே சொந்தமா? - சட்டத்தை மாற்ற வைத்த கரோலின் நார்டன்

கணவனும் மனைவியும் பிரிந்தால் குழந்தை யாரிடம் வளர வேண்டும்? 1830-களின் இங்கிலாந்தில் இதற்கு ஒரே பதில்தான்: அப்பாவிடம். 1804-ல் பால்குடிக்கும் எட்டு மாதக் குழந்தையை அப்பா தூக்கிச் சென்ற வழக்கில்கூட, நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது. இந்த நிலையை மாற்றப் போராடியவர் கரோலின் நார்டன்.

யார் இவர்?

1808-ல் லண்டனில் பிறந்தவர். நாடக ஆசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. 1827-ல் எம்.பி.யும் வழக்கறிஞருமான ஜார்ஜ் நார்டனுடன் கல்யாணம். கணவர் கை நீட்டுபவர். கவிதை, கதை எழுதி கரோலின் சம்பாதித்த பணம்தான் வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்தது. மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தனர்.

1836-ல் என்ன நடந்தது?

சண்டை முற்றியது. மூன்று பிள்ளைகளையும் கரோலினிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டார் ஜார்ஜ். அதோடு விடவில்லை. தன் மனைவியுடன் தகாத உறவு வைத்திருந்ததாக அப்போதைய பிரதமர் மெல்போர்ன் மீதே வழக்குப் போட்டு, 10,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டார். அது கரோலினின் பெயர் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால், அவர் தரப்பைச் சொல்ல அங்கே வழியே இல்லை. ஜூரிகள் இடத்தைவிட்டு எழாமலேயே வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனாலும் பிள்ளைகள் அப்பா வசமே இருந்தார்கள்.

எப்படிப் போராடினார்?

பெண்ணுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. கையில் இருந்தது பேனா மட்டும்தான். துண்டுப் பிரசுரங்கள் எழுதி அச்சடித்தார். ஒன்றை ஆண் பெயரில்கூட வெளியிட்டார். டால்ஃபோர்ட் என்ற எம்.பி. மசோதா கொண்டுவந்தார். 1838-ல் பிரபுக்கள் சபையில் தோற்ற அந்த முயற்சி, 1839-ல் சட்டமானது.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன் பொறுப்பில் கேட்டும், மூத்த பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்டும் அம்மா நீதிமன்றம் போகலாம் என்றானது. கள்ள உறவு நிரூபிக்கப்பட்ட பெண்ணுக்கு மட்டும் இந்த வழி கிடையாது.

சரி, பிள்ளைகள் கிடைச்சாங்களா?

இல்லை. ஜார்ஜ் அவர்களை ஸ்காட்லாந்தில் வைத்திருந்தார். இங்கிலாந்துச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டு இறந்தான். அம்மா போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் மற்ற இருவரையும் பார்க்க ஜார்ஜ் சம்மதித்தார்.

அடுத்து?

கரோலின் எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி கணவருக்கே சொந்தமாக இருந்தது. அதையும் எதிர்த்து எழுதினார். கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள 1857-ன் விவாகரத்துச் சட்டம் வழிசெய்தது. 1873-ல், ஏழு வயது என்ற வரம்பு 16 ஆக உயர்ந்தது.

1877-ல் கரோலின் இறந்தார். அப்பாவா, அம்மாவா என்பதைவிடக் குழந்தையின் நலனே முதன்மை என்று இங்கிலாந்துச் சட்டம் சொன்னது 1925-ல். அதற்கு மேலும் 48 வருடங்கள் ஆகியிருந்தன.