சிரம்பான் தோட்டத்து டாக்டர் சுவாமியான கதை



ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த மகான் காவி உடுக்கும் முன்னர், நம்ம சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

1887 செப்டம்பர் 8-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில் பிறந்தார். தந்தை வேங்கு ஐயர், தாயார் பார்வதி அம்மாள். பிள்ளைக்கு இட்ட பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, 1909-இல் திருச்சியிலிருந்து ஓர் ஆங்கில மருத்துவ மாத இதழும் நடத்தினார். 1913-இல் கப்பலேறி மலாயா வந்து சேர்ந்தார்.

சிரம்பான் வட்டாரத்தில் சுமார் ஏழாண்டு, பிறகு ஜொகூரில் மூன்றாண்டு வேலை. கையில் காசில்லாத தொழிலாளி வந்தால் மருந்தும் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்தனுப்புவார். ஆனால் அவருக்கும் ஆசைகள் இருந்தன, வாசகர்களே! நல்ல பட்டு, தங்கம், வெள்ளி, சந்தனப் பொருள்கள் என்றால் கொள்ளைப் பிரியம். சில சமயம் பத்து விரலுக்கும் பத்து மோதிரம் போடுவாராம்!

ஒரு நாள் நோயுற்ற சாது ஒருவருக்குச் சிகிச்சை செய்தார். சாது அவருக்கு ஒரு வேதாந்த நூலைக் கொடுத்தார். அதைப் படித்தவர் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது. உடம்புக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறோம். ஆசைக் காய்ச்சலுக்கு மருந்து எங்கே?

1923-இல் நல்ல சம்பளத்தை உதறிவிட்டுப் புறப்பட்டார். 1924 ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதியிடம் துறவு பெற்றார். மோதிரம் மின்னிய அதே கைகள் சத்திரத்தில் ரொட்டிக்காக நீண்டன.

ஆசையை வெல்வதென்றால் உடம்பை வெறுப்பதா? அவர் அப்படிச் செய்யவில்லை. 1927-இல் லட்சுமண்ஜூலாவில் மருந்தகம் திறந்து சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். ஆசனமும் உடற்பயிற்சியும் கற்பித்தார். உடம்பு நானல்ல, என் கருவி என்பதே வேதாந்தம். பால் வெட்டும் கத்தியை நாம் தீட்டிப் பத்திரமாக வைக்கிறோம். அதற்காகக் கத்தி சொன்னபடியா நாம் ஆடுகிறோம்?

1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். 1963 ஜூலை 14-இல் மகாசமாதி அடைந்தார். அவர் பெயர் சொல்லும் ஆசிரமம் நம் பத்துமலையிலும் இருக்கிறது.

நாமெல்லாம் காவி கட்ட வேண்டியதில்லை. சம்பள நாளில் கால் தானாகக் கடைப்பக்கம் போகுதே, அதை ஒரு நாள் வீட்டுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மாணவர்களே, கைத்தொலைபேசி கூப்பிடும்போது ஒரு மணி நேரம் புத்தகத்தோடு இருந்து பாருங்கள். அந்த நேரத்துக்கு நீங்களே உங்களுக்கு எசமான். உள்ளத்து விடுதலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த டாக்டர் நடந்த மண்ணில்தான் நாமும் நடக்கிறோம். மறந்துவிடாதீர்கள்!