தெனி தீதரோவின் நூலகமும் வாழ்வும்

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியரும் மெய்யியலாளருமான தெனி தீதரோ (1713–1784) திரட்டிய நூலகம் 1765இல் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு விற்கப்பட்டது. அவர் மறைந்த பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த அந்நூலகம், காலப்போக்கில் தன் தனி வடிவை இழந்தது. அது உருவான முறை, விற்கப்பட்ட சூழல், சிதறியதன் விளைவு ஆகியவற்றை அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு இணைத்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது. ஓர் எழுத்தாளரின் நூலகத்தை அவருடைய படைப்புகளுக்கு இணையான சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தீதரோ, தனிநூலகம், கலைக்களஞ்சியம், ஓரக்குறிப்பு, கையெழுத்துப்படி, இரண்டாம் கேத்தரின்.

முன்னுரை

நூலகம் என்பது நூல்களின் தொகை மட்டுமன்று. அதனைத் திரட்டியவரின் சிந்தனை சென்ற வழித்தடமும் ஆகும். எந்த நூலை ஒருவர் தேடி வாங்கினார், எந்தப் பக்கத்தில் கோடிட்டார், எந்த ஆசிரியரோடு ஓரத்தில் வாதிட்டார் என்பனவற்றை அவருடைய அச்சான நூல்கள் முழுமையாகச் சொல்வதில்லை. தீதரோவைப் பொறுத்தவரை இக்கருத்து கூடுதல் பொருத்தம் உடையது. பிறர் நூலைப் படித்து, அதற்கு மறுமொழியாகத் தம் கருத்தை வளர்த்தெடுப்பது அவருடைய எழுத்துமுறை. அத்தகையவரின் நூலகம் சிதறியது பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனை வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளுள் ஒன்று.

இளமையும் நூற்பழக்கமும்

தீதரோ 1713 அக்டோபர் 5ஆம் நாள் பிரான்சின் லாங்கர் நகரில் பிறந்தார். தந்தை கத்தி முதலான கருவிகள் செய்யும் தேர்ந்த கைவினைஞர். இயேசு சபையாரின் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்ற தீதரோ, பின்னர்ப் பாரிசு சென்று 1732இல் முதுகலைப் பட்டம் பெற்றார். சமயப் பணி, சட்டத்தொழில் எனக் குடும்பம் விரும்பிய வழிகளில் அவர் செல்லவில்லை. தந்தையின் உதவி நின்றபின் பல ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1743இல் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக ஆந்துவானெத் சாம்பியோனை மணந்தார்.

அக்காலத்தில் அவருக்குச் சோறிட்டது மொழிபெயர்ப்பு. கிரேக்க வரலாறு, அறவியல், மருத்துவ அகராதி என ஆங்கிலத்திலிருந்து அவர் பெயர்த்தவை துறையால் வேறுபட்டவை. சாப்ட்சுபரியின் அறவியல் நூலைப் பெயர்த்தபோது அதற்கு அவர் சேர்த்த அடிக்குறிப்புகளிலேயே அவருடைய மெய்யியல் முளைவிடுகிறது. பிறர் நூலின் ஓரத்தில் தம் சிந்தனையைத் தொடங்கும் முறை இங்கிருந்தே தெரியவருகிறது.

1746இல் வெளிவந்த மெய்யியல் நூலைப் பாரிசு நீதிமன்றம் எரிக்க ஆணையிட்டது. 1749இல் பார்வையற்றோர் பற்றிய நூலை எழுதிய பின்னர், வென்சேன் கோட்டையில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் சிறைவைக்கப்பட்டார். எழுதுகருவி மறுக்கப்பட்ட நாள்களில், பலகைக்கல்லைப் பொடித்து மதுவில் கரைத்து மையாக்கி, பற்குச்சியை எழுதுகோலாகக் கொண்டு, கையிலிருந்த நூலின் ஓரங்களில் அவர் எழுதினார் என்று அவர் மகளின் நினைவுக்குறிப்பு தெரிவிக்கிறது. சிறையிலும் அச்சிட்ட பக்கத்தின் ஓரமே அவருக்கு எழுதுமிடமாயிற்று.

கலைக்களஞ்சியமும் நூல் திரட்டலும்

1747 முதல் தாலம்பேருடன் இணைந்து தீதரோ கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1751இல் வெளிவந்தது. 17 உரைத்தொகுதிகளும் 11 படத்தொகுதிகளும் நிறைவெய்த 1772 வரை ஆயிற்று. 1759இல் அரசு உரிமத்தை விலக்கிக்கொண்டது. தாலம்பேர் விலகிய பின்னும் பணி மறைவில் தொடர்ந்தது. அச்சாளர் லெ ப்ரெத்தோன் அச்சத்தால் பல கட்டுரைகளைத் தமக்குத் தெரியாமல் வெட்டியிருந்ததைத் தீதரோ 1764இல் கண்டறிந்தார்.

அவருடைய நூலகம் பெருமளவு இப்பணியினூடே வளர்ந்தது. மன்னரின் நூலகத்திலிருந்து அவர் இரவல் பெற்ற நூல்களின் பதிவுகள் கிடைத்துள்ளன. பணிக்கென வெளியீட்டாளர்கள் வாங்கித்தந்த நூல்கள் 1754ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவருக்கே உரியவாயின. ஆகவே அந்நூலகம் செல்வர் ஒருவர் அழகுக்காகச் சேர்த்த தொகுப்பன்று. உழைப்பாளி ஒருவரின் பட்டறை. தாரான் தெருவில் நான்காம் மாடியில் குடியிருந்த அவர், அதற்கு மேலிருந்த தளத்தில் நூல்களை வைத்துப் படித்தார்.

கலைக்களஞ்சியம் என்னும் தலைப்பில் அதன் ஐந்தாம் தொகுதிக்கு அவரே எழுதிய கட்டுரை இங்குக் கருதத்தக்கது. நூல்கள் பெருகப்பெருக, ஒரு செய்தியை இயற்கையில் தேடுவதும் நூல்களில் தேடுவதும் ஒரே அளவு அரிதாகிவிடும் என்ற கவலை அதில் வெளிப்படுகிறது. சிதறிக் கிடக்கும் அறிவைத் திரட்டி வருங்காலத்துக்குக் கையளிப்பதே அப்பெருநூலின் நோக்கம் என்று அவர் கருதினார். அவருடைய சொந்த நூல்களுக்கு நேர்ந்த கதி இந்நோக்கத்துக்கு நேர்மாறானது.

விற்பனை

இருபதாண்டு உழைப்பு தீதரோவுக்குப் புகழ் தந்தது, பொருள் தரவில்லை. 1753இல் பிறந்த மகள் ஆஞ்சலிக்குக்குச் சீர்ப்பொருள் தேட வேண்டிய நிலையில் நூலகத்தை விற்கத் துணிந்தார். நண்பர் கிரிம் வழியாகச் செய்தி கேத்தரினை எட்டியது. 1765இல் பேரரசி அதனை 15,000 லிவருக்கு வாங்கினார். நூல்கள் தீதரோவின் வாழ்நாள் முழுதும் அவரிடமே இருக்கும். அவரே அவற்றின் காப்பாளராக ஆண்டுக்கு 1,000 லிவர் ஊதியம் பெறுவார் என்பன ஏற்பாடு. ஊதியம் ஒருமுறை தாமதமானபோது 50 ஆண்டு ஊதியத்தை, அதாவது 50,000 லிவரை, ஒரே தவணையாகத் தர அவர் ஆணையிட்டார்.

இச்செயலைப் பெருங்கொடை என ஐரோப்பா போற்றியது. ஆயினும் அதன் மறுபக்கம் எண்ணத்தக்கது. அன்று முதல் தம் நூல்களுக்கே தீதரோ ஊதியம் பெறும் காப்பாளரானார். கொடுங்கோன்மையை வெறுத்த மெய்யியலாளர், முடியாட்சியின் நன்றிக்கடனுக்கு உள்ளானார். 1772இல் மகளின் திருமணம் நிறைவேறியது. மறு ஆண்டு நன்றி கூறும்பொருட்டு உருசியா சென்ற அவர், 1773 அக்டோபர் முதல் 1774 மார்ச் வரை பீட்டர்ஸ்பர்க்கில் தங்கிப் பேரரசியோடு பலமுறை உரையாடினார். திரும்பும் வழியில், அவருடைய சட்டத்தொகுப்பு அறிவுரைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்குறிப்புகளில் தனியாட்சியைக் கடுமையாக மறுத்தார். கடன்பட்ட நிலை அவருடைய கருத்துரிமையை விலைக்கு வாங்கவில்லை என்பதற்கு அக்குறிப்புகளே சான்று. அவற்றை அவர் பேரரசிக்கு அனுப்பவில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

ஓரக்குறிப்பிலிருந்து படைப்புக்கு

தீதரோவின் பிற்காலப் படைப்புகள் பல, படிப்பின் மறுமொழிகளாகவே பிறந்தன. எல்வேசியசின் நூலுக்கு மறுப்பு, செனெக்கா பற்றிய பெருங்கட்டுரை ஆகியவை இவ்வகையின. டச்சு மெய்யியலாளர் எம்ஸ்டர்ஹூயிஸ் தந்த நூலின் படியில் அவர் எழுதிய குறிப்புகள் 1964இல் அச்சேறின. அப்படி, தீதரோவின் நூலகத்தில் இருந்துவிடாமல் உரியவரிடம் திரும்பியதால்தான் அவை தப்பின. அவருடைய சொந்த அடுக்குகளில் இருந்த நூல்களின் ஓரங்களில் எத்தகைய வாதங்கள் நிகழ்ந்திருக்கும் என்பதை இவ்வொரு சான்று கொண்டே ஊகிக்கலாம்.

மறைவும் சிதறலும்

1784இல் நோயுற்ற தீதரோ மாடிப்படி ஏற இயலாதவரானார். பேரரசியின் செலவில் ரிஷலியு தெருவில் ஏற்பாடு செய்யப்பட்ட வசதியான வீட்டுக்கு மாறிய சில நாள்களிலேயே, சூலை 31இல் காலமானார். 1785இல் ஏறத்தாழ 3,000 தொகுதிகள் கொண்ட நூலகமும் கையெழுத்துப்படிகளும் உருசியா சென்றன. அப்போதுதான் சட்டம் பற்றிய ஆய்வுக்குறிப்புகள் கேத்தரினின் கண்ணில் பட்டு, அவருடைய சினத்துக்கு ஆளாயின.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வால்டேரின் நூலகமும் அங்குச் சென்றிருந்தது. ஏறத்தாழ 7,000 தொகுதிகள் கொண்ட அதனை ஒழுங்குபடுத்த அவருடைய செயலாளர் வானியேர் நேரில் சென்றார். அது தனித்தொகுப்பாகவே காக்கப்பட்டதால், வால்டேரின் ஓரக்குறிப்புகள் முழுமையாகத் தொகுத்துப் பதிப்பிக்கும் நிலை பின்னாளில் வாய்த்தது. தீதரோவின் நூல்கள் பிற நூல்களோடு கலந்தன. அவற்றின் பட்டியலும் தொலைந்தது. ஒரே அரசி வாங்கி ஒரே நகரில் வைத்த இரு நூலகங்களுள் ஒன்று நிலைத்தது, மற்றொன்று கரைந்தது. இவ்வேறுபாட்டின் வேர் நூல்களின் மதிப்பில் இல்லை. தனி இடம், பட்டியல், பொறுப்பாளர் ஆகியவற்றின் இருப்பிலும் இன்மையிலும் உள்ளது. உருசிய தேசிய நூலகத்தில் கையெழுத்து முதலான தடயங்களைக் கொண்டு தீதரோவின் நூல்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் பணி நடைபெற்றுள்ளது. செர்கேய் கரல்யோவ் 2014இல் வெளியிட்ட மீட்டுருவாக்க நூல் இதில் குறிப்பிடத்தக்கது.

கையெழுத்துப்படிகளின் பயணம்

தீதரோவின் சிறந்த நாவல்கள் அவர் வாழ்நாளில் நூல்வடிவம் பெறவில்லை. கன்னித்துறவியைப் பற்றிய நாவலும், விதியை நம்பும் பணியாள் ழாக்கைப் பற்றிய நாவலும் 1796இல்தான் பிரெஞ்சில் அச்சாயின. ராமோவின் மருமகனைப் பற்றிய உரையாடற் படைப்பு, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த படியின் வழிவந்த பிரதியைக் கொண்டு கதே செய்த செருமன் மொழிபெயர்ப்பாக 1805இல் முதலில் வெளிவந்தது. அதன் தற்கையெழுத்துப்படி 1891இல் பாரிசின் ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மகள் காத்துவந்த படிகளின் தொகுப்பை 1948இல் எர்பெர்ட் டீக்மன் கண்டறிந்தார். இருவேறு இடங்களில் இரு தொகுப்புகள் இருந்தமையாலேயே படைப்புகள் பிழைத்தன. ஒரே படியாக இருந்த நூலகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. தீதரோவின் நூலகம் அவருடைய தொழிலோடு வளர்ந்த பட்டறை. அதன் உள்ளடக்கம் அவருடைய சிந்தனை முறைக்கு நேர்ச்சான்று. அதன் விற்பனை ஒரு குடும்பத்தின் தேவையைத் தீர்த்ததோடு, அறிஞருக்கும் ஆட்சிக்கும் இடையிலான உறவின் இறுக்கத்தையும் வெளிப்படுத்தியது. நூல்கள் அழியாமல் இருந்தும் நூலகம் அழியலாம் என்பதை அதன் சிதறல் காட்டுகிறது. ஆசிரியரின் படைப்புகளைப் பதிப்பிப்போர் அவர் படித்த நூல்களின் பட்டியலையும் ஓரக்குறிப்புகளையும் மூலச்சான்றாகக் கொள்ளும்போதே, படைப்புக்கும் படிப்புக்கும் இடையிலான உறவு தெளிவுறும். அறிவைச் சிதறாமல் காக்க வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் நூல்கள் சிதறிய வரலாறு, தனிநூலகங்களைத் தொகுப்பாகவே காக்க வேண்டிய கடமையை ஆய்வுலகுக்கு நினைவூட்டுகிறது.