ராபர்ட் கால்டுவெல்

ராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்டு 28, 1891) திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த மொழியியல் அறிஞரும் கிறித்தவ சமயப் பரப்புநரும் ஆவார். அயர்லாந்தில் பிறந்த இவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1838 இல் சென்னைக்கு வந்தார். 1841 முதல் திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடியில் தங்கிப் பணியாற்றினார்.

ஒப்பிலக்கணம்

தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து தோன்றியவை என்னும் கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. 1816 இல் எல்லிஸ் இதனை மறுத்திருந்தார். கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் விரிவான சான்றுகளுடன் இம்மொழிகள் தனிக் குடும்பம் என நிறுவினார்.

ஒப்புமையை உணர்த்தும் முறையும் இந்நூலில் ஆராயப்பட்டுள்ளது. வடமொழியில் பெயரடையுடன் 'தர', 'தம' என்னும் விகுதிகள் சேர்ந்து மிகுதியைக் காட்டும். தமிழில் அத்தகைய விகுதிகள் இல்லை. 'அதனினும் இது நல்லது', 'எல்லாவற்றிலும் இது நல்லது' என வேற்றுமை உருபே ஒப்பீட்டை உணர்த்துகிறது.

வணிகமும் சொற்களும்

கடல் வணிகத்தால் பிற நாடுகளுக்குச் சென்ற சொற்களையும் இவர் ஆராய்ந்தார். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'துகி', தமிழின் 'தோகை'யே எனக் கருதினார். கிரேக்கர் அறிந்திருந்த முத்துத் துறைமுகமான கொற்கையில் அகழாய்வும் செய்தார்.

இறுதிக்காலம்

1877 இல் ஆயரான இவர், கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளுடன் இணைத்த இவரது கருத்தை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. எனினும் அவை தனிக் குடும்பம் என்னும் முடிவு நிலைபெற்றுள்ளது. 1968 இல் சென்னை மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.