தொழில் கற்க எத்தனை வருஷம் வேணும்? பதவியை விட்ட ஜி.டி.நாயுடுவின் கதை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளியில் பத்து நிமிடம் நின்றால் போதும். டிராக்டர், டிப்பர், கம்பெனி பஸ், சரக்கு லாரி என்று வரிசையாக டீசல் வண்டிகள் கடந்து போகும். ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980-ல் வந்தது. பத்தாவது முடித்த பையன்களுக்கு இன்ஜின் வேலை என்பது இந்தப் பக்கம் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு வாய்ப்பு.

ஆனால், வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் பிரிவில் சேர்ந்து ஓராண்டு படிப்பதா, நேராகப் பட்டறைக்குப் போய் ஸ்பேனர் பிடிப்பதா? தொழில் கற்க எவ்வளவு காலம் வேண்டும் என்ற இந்தக் கேள்விக்காக, சுதந்திரத்துக்கு முன்பே அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டவர் ஜி.டி.நாயுடு.

ஒரு பைக்கில் தொடங்கியது

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது.

இளைஞனாக இருந்தபோது, ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவது அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அவருக்கு முதல் பாடப் புத்தகம் அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கழற்றி மாட்ட ஆன நேரத்தைவிட, கழற்றுவதற்கு ஓர் இன்ஜின் கையில் கிடைக்க அவர் காத்திருந்த காலம் பல மடங்கு அதிகம்.

ஒரே பஸ், ஓட்டுநரும் அவரே

பருத்தி வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்ட பிறகு, கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் செய்த உதவியால் ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே அதைத் தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். உள்நாட்டிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அது பேசப்படுகிறது. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸரையும் உருவாக்கினார். இத்தனைக்கும் அவரிடம் ஒரு பட்டமும் கிடையாது.

1945: முதல்வர் நாற்காலியும் ராஜினாமாவும்

சம்பாதித்ததை அடுத்து எதில் போடுவது? நாயுடு தேர்ந்தெடுத்தது தொழிற்கல்வி. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி.

முதல்வர் பொறுப்பில் இருந்த நாயுடுவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் நேரத்தை வீணடிக்கிறது, இரண்டு ஆண்டே தாராளம் என்பது அவர் கட்சி. ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. நாயுடு பொறுப்பை உதறிவிட்டு வெளியேறினார்.

வெல்லவில்லை என்பதே உண்மை. பொறியியல் இன்றும் நான்கு ஆண்டுதான். ஆனால் தொழிற்பயிற்சி அவர் சொன்ன திசையில் நகர்ந்திருக்கிறது. மெக்கானிக் டீசல் பிரிவுக்கு ஓராண்டு போதும். அதன்பின் 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, உதவித்தொகையோடு கம்பெனிக்குள்ளேயே பழகலாம்.

அப்போ, கழற்றி மாட்டினால் போதுமா?

போதாது. நாயுடு கழற்றிய இன்ஜினில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய டீசல் இன்ஜினில் பாதி வேலை சென்சாரிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கிறது.

ஓர் உதாரணம். பழைய லாரியில் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். சத்தம் மாறாவிட்டால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். இதையே காமன் ரெயில் இன்ஜினில் செய்தால் ஆபத்து. அங்கே டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கலாம். பீய்ச்சி அடித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரலாம். இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும், தானாகக் கற்க முடியாது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புகை வடிகட்டி, யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு என்று இன்னும் சேர்ந்துவிட்டது. ஸ்கேனர் படிக்கத் தெரியாமல் இவற்றில் கை வைக்க முடியாது.

சேருவதற்கு முன் என்ன கேட்கலாம்?

நாயுடுவின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, படிக்க வேண்டாம் என்பது அல்ல. எத்தனை மாதம் என்பதோடு, அதில் எத்தனை மணி நேரம் கையில் இன்ஜின் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். ஓர் இன்ஜினுக்கு எத்தனை மாணவர்கள்? காமன் ரெயில் இன்ஜின் இருக்கிறதா? ஸ்கேனரை மாணவரே தொட்டுப் பழகலாமா, வாத்தியார் மட்டும் காட்டுவாரா? பயிற்சி மையத்துக்குள் நுழைந்ததும் அட்மிஷன் கவுன்டருக்கு முன்பு ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு மறைந்தார். அவர் பெயரிலான அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது. அவர் பெயரிலான அறக்கட்டளை தொழிற்பயிற்சியும் நடத்துகிறது. ஓர் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க ஹோட்டலில் சர்வராக நின்றவர் அவர். உத்தனப்பள்ளிப் பையனுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றால், பயிற்சி மையத்தில் சான்றிதழோடு இன்ஜினும் இருக்க வேண்டும்.